ஜுகாட் கம்பமும் நம்ம வீட்டுப் பிள்ளைகளும்

புனேவுக்கு வந்து 14 வருஷம் ஆச்சு. இந்த ஊர் எனக்கு நல்ல சோறும் நல்ல மனுஷங்களும் கொடுத்திருக்கு, அதுல குறையே சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு வார்த்தையைக் கேட்டா மட்டும் எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒண்ணு 'ஜுகாட்'. இன்னொண்ணு 'சல்தா ஹை'. இந்தப் பக்கம் குப்பை கொட்டுற நம்ம மக்கள் எல்லாருக்கும் இந்த ரெண்டும் அத்துப்படிங்கிறதால விளக்கம் வேண்டாம்.

முன்னெல்லாம் ஜுகாட்னா கிணத்துக்குத் தண்ணி இறைக்கிற டீசல் இன்ஜினைப் பலகை வண்டியில பூட்டி, பஞ்சாப், ராஜஸ்தான் பக்கம் ஓட்டுவாங்களே, அந்த வண்டிக்குப் பேரு. 2013-ல உச்ச நீதிமன்றமே, அதுவும் மோட்டார் வாகனம்தான், சட்டத்துக்கு உட்பட்டுத்தான் ஓடணும்னு சொல்லிடுச்சு. ஆனா அதுக்கு முந்தின வருஷம், 2012-ல, மூணு பேர் சேர்ந்து இதே ஜுகாட்டைத் தலைப்பா வச்சு ஒரு மேலாண்மைப் புத்தகம் போட்டாங்க. அவ்வளவுதான், கோட்டு போட்டவங்க எல்லாம் அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எங்க ஆபீஸ் மீட்டிங்ல கூட 'சம் ஜுகாட் கர் லேங்கே'ன்னு பெருமையாச் சொல்றாங்க. ஏழை விவசாயி வேற வழி இல்லாம செஞ்சதுக்கும், காசு இருக்கிறவன் காசை மிச்சம் பிடிக்கச் செய்றதுக்கும் ஒரே பேரா? இந்தக் கோபத்துக்கு இப்போ என்ன காரணம்னு கேட்டா, ஒரு கம்பம்தான் காரணம்.

புனேயிலிருந்து ஒன்றரை மணி நேரத்துல ஒரு அணைக்கட்டு. அதன் கரையில ஒரு ரிசார்ட். பேரு வேண்டாம். அங்க ஒரு பழைய ஸ்கீ படகு இருக்கு. எங்கேயோ கைமாறி கைமாறி வந்த வெளிநாட்டுச் சரக்கு, வயசு முப்பதுக்கு மேல இருக்கும். அதுல ஏற்கனவே இருந்த கயிறு கட்டுற கம்பத்தை யாரோ எப்பவோ கழட்டித் தொலைச்சிருக்காங்க. இப்போ ரிசார்ட்காரருக்கு ஒரு ஆசை. வேணும்போது மேல இழுத்துக்கிற, வேண்டாதபோது தரைக்குள்ள இறக்கிக்கிற மாதிரி ஒரு கம்பம் வேணும். பகல்ல பிள்ளைகளை ட்யூப்ல வச்சு இழுக்கலாம், சாயங்காலம் கம்பத்தை இறக்கிட்டு, கல்யாண ஜோடிகளை உக்கார வச்சு சூரியாஸ்தமனம் காட்டலாம். ஆசையில தப்பு இல்ல. இந்த மாதிரி உள்ளிழுக்கிற கம்பம் உலகத்துல இல்லாத பொருளும் இல்ல. நான் வண்டி உதிரி பாகம் டிசைன் பண்ற வேலையில இருக்கிறவன்ங்கிறதால, கூட வேலை பார்க்கிற ஒரு மராட்டி நண்பர் மூலமா என்னை வந்து பார்க்கச் சொன்னாங்க. போனேன், பார்த்தேன். வேலை அதுக்குள்ள முடிஞ்சிருந்தது! போசரி பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில பளபளன்னு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் ரெண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற மாதிரி, கீழே ஒரு தகடு, நாலு போல்ட்டு. சும்மா சொல்லக் கூடாது, வெல்டிங் அருமை. நான் குனிஞ்சு, "தரைக்குக் கீழ எதுல பிடிச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன். "காய் டென்ஷன் நாய், சாஹேப். தரை நல்ல கெட்டி"ன்னாரு.

இங்கதான் எனக்கும் ஜுகாட் கோஷ்டிக்கும் சண்டை.

முதல்ல ஸ்கீ படகுன்னா என்னன்னு ரெண்டு வரி. 1922-ல அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துல, பெப்பின் ஏரியில, ரால்ஃப் சாமுவேல்சன்னு ஒரு 18 வயசுப் பையன் கால்ல பலகையைக் கட்டிக்கிட்டு, அண்ணன் ஓட்டின படகு பின்னாடி கயிறு பிடிச்சு நின்னான். அங்க ஆரம்பிச்ச விளையாட்டு இது. அப்புறம் இதுக்குன்னே தனியா படகு கட்ட ஆரம்பிச்சாங்க. அசல் ஸ்கீ படகுல இன்ஜின் நடுவுல இருக்கும், அதுக்கு ஒட்டி முன்னால கயிறு கட்டுற கம்பம். டோ பைலான்னு சொல்லுவாங்க. படகோட பின் நுனியில கட்டாம ஏன் நடுவுல கட்டுறாங்க? ஸ்கீ ஆடுறவன் இடமும் வலமுமா வெட்டி வெட்டிப் போவான். கயிறு பின் நுனியில இருந்தா, அவன் வெட்டுற ஒவ்வொரு தடவையும் படகோட வாலைப் பிடிச்சுத் திருப்புவான், ஓட்டுறவர் ஸ்டீயரிங்கோட மல்லுக்கட்டணும். படகு எந்தப் புள்ளியைச் சுத்தித் திரும்புதோ, அதுக்குப் பக்கத்துல கயிறு இருந்தா அந்தத் தொல்லை குறையும்.

ஆக, கம்பம் நிக்கிற இடம் ஒரு கணக்கு. அது எதுல ஊன்றி நிக்குதுங்கிறது இன்னொரு கணக்கு. ஃபைபர் கிளாஸ் படகுல நாம கால் வைக்கிற தரை வெறும் மூடிதான். அதுக்குக் கீழ நீளவாக்குல ஓடுற சட்டங்கள் இருக்கும், ஸ்ட்ரிங்கர்னு பேரு. இன்ஜினே அதுலதான் உக்காந்திருக்கும். கம்பெனிக்காரன் கம்பம் வைக்கும்போது இந்தச் சட்டங்களுக்குக் குறுக்கே ஒரு பிடிப்பு கொடுத்து, அதுல கம்பத்தோட அடிக்காலை ஊன்றுவான். தரை மட்டத்துல இருக்கிறது ரெண்டாவது பிடி. நம்ம பட்டறைக்காரர் ரெண்டாவது பிடியை மட்டும் போட்டுட்டு, முதல் பிடியை மறந்துட்டாரு.

ஸ்கூல் ஃபிசிக்ஸ் போதும், வாங்க ஒரு கணக்கு போடுவோம். (பயப்படாதீங்க, ஒரே ஒரு பெருக்கல், ஒரே ஒரு வகுத்தல்.) கம்பம் தரைக்கு மேல 1 மீட்டர். கயிறு 300 கிலோ விசையோட பின்னால இழுக்குதுன்னு வச்சுக்கங்க. கீழ இருக்கிற தகட்டுல முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் 20 சென்டிமீட்டர் இடைவெளி. கம்பம் பின்பக்கமா சாயப் பார்க்கும், தகடு பின் விளிம்பை அழுத்தும், முன் வரிசை போல்ட்டுங்க மேல கிளம்பப் பார்க்கும். எவ்வளவு விசையில? 300-ஐ 1-ஆல பெருக்கி 0.2-ஆல வகுங்க. 1500 கிலோ! அதாவது அந்த ரெண்டு போல்ட்டும் சேர்ந்து, ஒரு காரைத் தூக்குற விசையில தரையைப் பிடுங்குது. கம்பத்தை 2 மீட்டர் ஆக்கினா 3000. இதுல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எவ்வளவு தடிங்கிறதுக்கு வேலையே இல்லையே. பைப் வளையாம முழுசா நிக்கும், தரையோட சேர்த்துப் பிய்ஞ்சுக்கிட்டு.

பிய்ஞ்சா எங்க போகும்? கயிறு ரப்பர் மாதிரி இழுபட்டு நிக்கும். விடுபட்ட கம்பம் கயிறு இழுக்கிற திசையிலதான் பறக்கும். வழியில படகோட பின் சீட்டுல உக்காந்து வீடியோ எடுக்கிற அப்பா அம்மா. அதுக்கும் பின்னால ட்யூப்ல உங்க பிள்ளை.

இப்போ அந்தத் தரை "நல்ல கெட்டி"ங்கிற விஷயத்துக்கு வருவோம். 1990-க்கு முன்னால கட்டின ஸ்கீ படகுகள்ல பலதுலயும் இந்தச் சட்டங்கள் மரம்தான். மரத்தைச் சுத்தி ஃபைபர் கிளாஸ் போர்த்தியிருப்பாங்க. பார்க்க வெளியில பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். யாராவது ஒரு ஸ்க்ரூ போட்டு, ஓட்டையை ஒழுங்கா அடைக்காம விட்டா, அந்த வழியா தண்ணி உள்ள போகும். உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழி இல்ல. வருஷக்கணக்கா ஊறி, மரம் ஊறவச்ச அவல் மாதிரி ஆகிடும். நம்ம ஊர்க் கடற்கரையில கட்டுமரத்தை என்ன பண்ணுவாங்க? கரைக்கு வந்ததும் கயித்தை அவிழ்த்து, கட்டைகளைப் பிரிச்சுக் காய வைப்பாங்க. ஊறின மரம் காயணும்னு தெரிஞ்ச ஜனம் அது. இங்க மரம் கண்ணுக்கே தெரியாம போர்வைக்குள்ள கிடக்கு, யார் பிரிச்சுக் காய வைக்கிறது?

கண்டுபிடிக்கிறது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. ஒரு சின்னச் சுத்தியலால தட்டிக்கிட்டே போங்க. நல்ல மரம் 'டக்'குனு சொல்லும், ஊறினது 'தொப்'புனு சொல்லும். சந்தேகம்னா மெல்லிசா ஒரு ஓட்டை போட்டு, வர்ற தூளைப் பாருங்க. காஞ்சு வெளுப்பா வந்தா சரி. கறுப்பா ஈரமா நசநசன்னு வந்தா, கதை முடிஞ்சது. நான் தட்டிக் காட்டினேன். இடது பக்கம் சத்தம் செத்துப்போய்க் கிடந்தது. துளை போட விடல. "புதுசா அடிச்ச பெயின்ட் கெட்டுடும்"னாங்க!

உள்ளிழுக்கிற கம்பத்துக்குன்னே தனியா சில வம்பு இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஸ்கீ படகு ஆழம் இல்லாத படகு. தரைக்கும் அடி ஓட்டுக்கும் நடுவுல இருக்கிற இடத்துல 1 மீட்டர் கம்பத்தை முழுசா முழுங்க வைக்க முடியாது. அதனால ரெண்டு மூணு பைப்பை ஒண்ணுக்குள்ள ஒண்ணாச் சொருகணும். மேல இழுத்து நிறுத்தும்போது, உள் பைப்போட கணிசமான நீளம் வெளி பைப்புக்குள்ளேயே மிச்சம் இருக்கணும். இல்லைன்னா மூட்டு ஆடும். நான் பார்த்ததுல மிச்சம் நாலு விரல் அகலம் இருந்தா அதிகம். அப்புறம் அந்தப் பூட்டு முள். அது கொஞ்சம் லூஸா இருந்தாலும், ஒவ்வொரு இழுப்புக்கும் முள் ஓட்டையை அடிச்சு அடிச்சு முட்டை வடிவமாக்கிடும். பாதி மாட்டி, மாட்டின மாதிரியே தெரியும். தரைக்குள்ள இருக்கிற குழாய்ல தண்ணி தேங்கும், வடிகால் ஓட்டை கட்டாயம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவே பிடிக்காதுன்னு நம்புறவங்களுக்கு ஒரு சேதி: காத்துப் படாம தண்ணி தேங்கி நிக்கிற இடுக்குல அதுவும் அரிக்கும். வெளிய பளபளப்பு அப்படியே இருக்கும், உள்ள கரையும். பட்டறைக்காரர் வடிகால் வைக்கல. "தண்ணியிலதானே ஓடுது, தண்ணி வந்தா என்ன?"ன்னு கேட்டாரு. பதில் சொல்ல எனக்கு வாய் வரல :-)

இதை எல்லாம் நம்ம குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்களோட வாட்ஸ்அப் குழுவுல எழுதினேன். ஏன்னா பொங்கல் லீவுக்கு ஒன்பது குடும்பமும் அங்கதான் போறதா ஏற்பாடு. பிள்ளைகள் மட்டும் பதினாலு. வந்த பதில்ல சிலது இங்க.

"லைஃப் ஜாக்கெட் கொடுக்கிறாங்களே சார்." கொடுக்கட்டும். அது தண்ணியில மிதக்க. மூணடி இரும்புக் கம்பம் பறந்து வந்தா அது என்ன பண்ணும்?

"ஸ்கீ ஆடுறவன் ஒருத்தனையே இழுக்குது, ட்யூப்ல குழந்தைங்கதானே, லேசா இருக்கும்." அப்படியே தலைகீழ்! ஸ்கீ ஆடுறவன் தண்ணி மேல எழுந்து வழுக்கிக்கிட்டுப் போறான். நாலு பேர் உக்காந்த ட்யூப் கிளம்பும்போது பாதி முழுகி, தண்ணியை உழுதுக்கிட்டு வரும். அலையில ஒரு குதி குதிச்சு, திரும்ப விழுந்து மாட்டும்போது கயிறு வெடுக்குனு இழுக்கும். அமெரிக்காவுல நீர் விளையாட்டுச் சாமான் செய்றவங்க சங்கம் சொல்ற கயிறுக் கணக்கைப் பாருங்க. ஒருத்தர் உக்கார்ற ட்யூப்புக்குக் கயிறு 680 கிலோ தாங்கணும். ரெண்டு பேருக்கு 1077. நாலு பேருக்கு 1860 கிலோ. காரணம் இல்லாமலா சொல்றான்? இதனாலதான் உயரமான கம்பத்துலயும் டவர்லயும் ட்யூப் கட்டாதேன்னு செஞ்சவனே எச்சரிக்கை ஒட்டுறான். ட்யூப்புக்குத் தாழ்வான கொக்கிதான் சரி. படகோட பின்பலகையில, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போல்ட்டு ஊடுருவி, உள்ள தகடு கொடுத்து மாட்டின கொக்கி. அந்தப் படகுல அது ஏற்கனவே இருக்கு! துரு கூடப் பிடிக்கல. அதை விட்டுட்டுக் கம்பம் எதுக்குன்னு கேட்டா, 'லுக்'காம்.

"எத்தனை பேர் தினம் போறாங்க, ஒண்ணும் ஆகலையே." இதுதான் என் ரத்தத்தைக் கொதிக்க வைக்கிற பதில். 2023 மே 7-ஆம் தேதி கேரளாவுல தானூர்ல, சாயங்காலம் கிளம்பின உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் போனாங்க. அதுல நிறைய குழந்தைங்க. அது மீன்பிடிப் படகா இருந்து, மாடி ஏத்தி, டூரிஸ்ட் படகா மாத்தினது. முந்தின நாள் வரைக்கும் அதுக்கும் 'ஒண்ணும் ஆகலை'தான். 2024 ஜனவரி 18-ல வடோதராவுல ஹர்ணி ஏரியில ஸ்கூல் சுற்றுலா போன பிள்ளைகளும் டீச்சர்களுமா 14 பேர். அதுக்கும் முந்தின நாள் ஒண்ணும் ஆகலை. ஒரு வேலைக்குக் கட்டினதை இன்னொரு வேலைக்கு மாத்தும்போது, 'இது தாங்குமா'ன்னு யாராவது ஒருத்தர் உக்காந்து கணக்குப் போடணும். அந்த ஒருத்தருக்குக் கொடுக்க வேண்டிய காசைத்தான் இங்க ஜுகாட்ங்கிற பேர்ல மிச்சம் பிடிக்கிறாங்க.

"கவர்ன்மென்ட் பார்த்துக்காதா?" 1917-ல வந்த பழைய உள்நாட்டுப் படகுச் சட்டத்தைத் தூக்கிட்டு 2021-ல புதுசு கொண்டு வந்தாங்க, இயந்திரப் படகுக்குப் பதிவும் சர்வேயும் வேணும்னு அதுல இருக்கு. கோவாவுல தேசிய நீர் விளையாட்டு நிறுவனமே இருக்கு, படகு ஓட்டவும் உயிர் காக்கவும் சொல்லிக் கொடுக்கிறாங்க. எல்லாம் சரி. சர்வே முடிஞ்ச மறுவாரம் ஒருத்தர் ட்ரில் மெஷினைத் தூக்கிட்டு வந்தா, அணைக்கரையில யார் நின்னு பார்க்கப் போறா?

கடைசியா ஒரு அக்கா எழுதினாங்க: "தம்பி, எல்லாத்துலயும் குறை கண்டுபிடிச்சா வெளிய வாசல் போக முடியாதுப்பா." அக்கா மேல மரியாதை உண்டு. ஆனா அக்கா, நீங்க தக்காளி வாங்கும்போது பத்து தடவை அமுக்கிப் பார்க்கிறீங்க. பிள்ளையை ஏத்துற படகுல கயிறு எங்க கட்டியிருக்குன்னு ஒரு தடவை குனிஞ்சு பார்க்கக் கூடாதா?

இந்த வேலையே செய்யக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. பழைய படகுல உள்ளிழுக்கிற கம்பம் வைக்கலாம், ஸ்கீ ஆடுறவங்களுக்கு ஒழுங்கா வைக்கலாம். தரையைப் பிரிக்கணும். ஊறின சட்டத்தை வெட்டி எடுத்துட்டுப் புதுசு போட்டு ஃபைபர் கிளாஸ் போர்த்தணும். குறுக்கே ஒரு பிடிப்பு கட்டி, குழாயோட அடியை அதுல ஊன்றணும். போல்ட்டுக்கு ஓட்டை போடும்போது பெருசாப் போட்டு, எபாக்ஸி ஊத்தி நிரப்பி, காஞ்சதும் அதுக்குள்ள சரியான அளவுல மறுபடி துளைக்கணும். அப்பத்தான் போல்ட்டு ஓரமா கசியிற தண்ணி மரத்தைத் தொடாது. அடியில அகலமான தகடு. வடிகால். முள்ளு முழுசா மாட்டினாத்தான் தெரியிற மாதிரி ஒரு சிவப்புக் கோடு. பட்டறைக்காரர் கம்பத்துக்கு வாங்கினது 18 ஆயிரம். தரை வேலைக்கு அதைப் போல எட்டு பத்து மடங்கு ஆகும். ரிசார்ட்காரர் முகம் சுருங்கினது அங்கதான்.

கோவா, மால்வண், அந்தமான்னு டிசம்பர்ல போற மக்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். கயிறு எதுல கட்டியிருக்கு, அந்தப் பொருள் எதுல மாட்டியிருக்கு, பாருங்க. அடியில தரை விரிசல் விட்டிருக்கா, பழுப்புத் தண்ணி கசிஞ்ச தடம் இருக்கா. காலால அழுத்தினா தரை அமுங்குதா. கம்பத்தைக் கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்க, கூச்சப்படாதீங்க. ஓட்டுறவரைத் தவிர பின்னால பார்த்துக்கிட்டே வர ஒரு ஆள் படகுல இருக்கணும். ஓட்டுறவர் முன்னாடியும் பார்த்து பின்னாடியும் பார்க்கிறது சர்க்கஸ்ல மட்டும்தான் நடக்கும். கயிறுக்கும் கம்பத்துக்கும் பின்னால படகுல யாரும் உக்காரக் கூடாது, வீடியோ எடுக்கிற அப்பாவும்தான். "சலேகா, சாஹேப்"னு பதில் வந்தா, பிள்ளையை இறக்கிக் கூட்டிட்டுப் போய்ப் பஜ்ஜி வாங்கிக் கொடுங்க. மழைக்காலம் முடிஞ்ச அணைக்கரையில காந்தா பஜ்ஜி பிரமாதமா இருக்கும்.

எங்க குழுவுல ஒன்பதுல அஞ்சு குடும்பம் மிதி படகு போதும்னு சொல்லிட்டாங்க. மத்த நாலு பேரோட இன்னும் பேச்சு நடக்குது.

டிஸ்கி: ரிசார்ட்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனா அவர்கிட்ட வேலை செய்ற சேலத்துத் தம்பி இதைப் படிப்பார்னு தெரியும். தம்பி, உங்க முதலாளிகிட்டச் சொல்லுங்க. தரையைப் பிரிக்கிறதா இருந்தா எந்த ஞாயித்துக்கிழமையும் நான் வரேன், வரைபடம் போட்டுத் தரேன், காசு வேண்டாம். சுத்தியலும் நானே கொண்டு வரேன்.